பூச்சிகள் கப்பலேறிய ஊர்

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே புறப்பட்டுச் செம்பொனார்கோயிலையும் திருக்கடையூரையும் தாண்டினால், வயல் வெளிகளின் முடிவில் கடற்காற்று வந்து முகத்தில் அடிக்கிறது. அதுவே தரங்கம்பாடி. முன்னொரு காலத்தில் ரயில் வண்டி இவ்வூர் வரையில் ஓடியது. இப்போது பஸ்ஸிலோ மோட்டாரிலோதான் போக வேண்டும். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும், அலைகள் அரித்துக் கொண்டு போனது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயிலைத் தரிசிக்க வருகிறவர்களும், சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் வைத்த ஊராயிற்றே என்று பக்தியுடன் வருகிறவர்களும் உண்டு. எல்லாரும் கடற்கரையில் சிறிது நேரம் காற்று வாங்கிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள்.

இவ்வூருக்கு இன்னொரு பெருமை உண்டு. அதைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. கோட்டை மதிலின் இடுக்கில் பதுங்கியிருக்கும் தேள், எருக்கஞ்செடியில் உட்காரும் வண்ணத்துப்பூச்சி, மழைக்கு முன் தாழப் பறக்கும் தும்பி ஆகிய இவைதாம் அந்தப் பெருமைக்குச் சாட்சிகள். பாரத பூமியின் பூச்சிகளும் சிப்பிகளும் ஐரோப்பிய சாஸ்திர நூல்களில் முறையாகப் பெயர் பெற்ற கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று இந்தச் சிற்றூரில் எழுதப்பட்டது. அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் யார், அதில் நம்மவரின் பங்கு என்ன, இனிமேல் எழுத வேண்டியவர்கள் யார் என்பதையெல்லாம் யோசித்துப் பார்க்கத் தரங்கம்பாடியை விடத் தக்க இடம் கிடைக்காது.

கறிவேப்பிலையில் ஒரு வைத்தியர்

1620-ம் வருஷத்தில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து கொண்டு, டென்மார்க் தேசத்தார் இங்கே கோட்டை கட்டினார்கள். மிளகும் துணியும் அவர்களுடைய வியாபாரம். 1845-ம் வருஷத்தில் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரையும் மற்ற சில இடங்களையும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட இருநூற்றிருபத்தைந்து வருஷத்தில் இங்கிருந்து போன கப்பல்களில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே வேறொரு சரக்கும் போயிற்று. உலர்த்திய செடிகள், கழுவிய சிப்பிகள், ஊசியில் குத்திய வண்டுகள் முதலியவையே அந்தச் சரக்கு.

1768-ம் வருஷத்தில் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற வைத்தியர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். செடிகளுக்கும் பிராணிகளுக்கும் இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸின் சிஷ்யர் அவர். மிஷனில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பது அவருக்கு உத்தியோகம். காடு மேடு சுற்றிச் செடியும் பூச்சியும் சேர்ப்பதோ அவருக்கு உயிர். பிற்பாடு ஆற்காட்டு நவாபிடமும், 1778-க்குப் பிறகு ஆங்கிலேயக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். 1785-ம் வருஷத்தில் காக்கிநாடாவுக்கு அருகில் காலமானார்.

நம்முடைய இல்லங்களில் இந்த மனிதருடைய பெயர் தினந்தோறும் தாளிப்பில் விழுகிறது என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படக்கூடும். கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் இரண்டாவது பாதி 'கோனிகை' என்பது. பருத்திக் காட்டிலும் வெண்டைப் பாத்தியிலும் கூட்டங் கூட்டமாக மொய்க்கிறதே, உடலெல்லாம் சிவந்து முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த நாவாய்ப்பூச்சி, அதன் சாஸ்திரப் பெயரிலும் இவரே இருக்கிறார். 1775-ம் வருஷத்தில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. இன்று வரையில் உலகமெங்கும் அதுவே வழங்குகிறது.

ஈசல் பிடித்த வித்தை

கோனிக் எழுதியவற்றில் நமக்கு மிகவும் சுவையானது, 1779-ம் வருஷத்தில் பெர்லின் நகரத்து ஆராய்ச்சிச் சங்கம் வெளியிட்ட கறையான் கட்டுரை. கறையானைப் பற்றி ஐரோப்பியர் பலர் கதை கதையாக எழுதியிருந்தார்கள். புற்றைத் தோண்டி, உள்ளே இருக்கும் ராணி, போர்வீரன், வேலைக்காரன் என்ற ஜாதிகளைப் பிரித்துப் பார்த்து எழுதிய முதல் சிலரில் கோனிக்கும் ஒருவர்.

அந்தக் கட்டுரையில் ஜனங்கள் ஈசல் பிடிக்கும் முறையை அவர் விவரிக்கிறார். ஈசல் கிளம்புவதற்கு முன்பே புற்றில் இரண்டு துவாரங்கள் செய்வார்கள். காற்று வரும் பக்கத்துத் துவாரத்தில் நாற்றம் எடுக்கும் பொருள்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். எதிர்ப் பக்கத்துத் துவாரத்தில், உள்ளே வாசனைத் தழை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகை தாங்காத ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். சில சமயங்களில் அவற்றோடு நாகப்பாம்பும் வந்து சேரும்! பிடித்த ஈசலை மாவோடு கலந்து பலகாரம் செய்து மலிவாக விற்பார்கள். அளவுக்கு மிஞ்சித் தின்றவர்களுக்கு வயிற்றுவலியும் சீதபேதியும் காணும் என்று வைத்தியருக்குரிய எச்சரிக்கையையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. புற்றின் எந்தப் பக்கம் மெல்லியது, ஈசல் எந்தப் பருவத்தில் இறகு முளைத்துத் தயாராக இருக்கும், காற்று எந்தத் திசையில் வீசினால் புகை உள்ளே போகும் என்பவற்றையெல்லாம் அந்த வைத்தியர் கண்டுபிடிக்கவில்லை. ஊரார் கண்டுபிடித்திருந்தார்கள். அவர் எழுதி வைத்தார், அவ்வளவே. ஆனால் எழுதி வைத்ததனால்தான் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

இதற்கு மற்றோர் உதாரணமும் சொல்லலாம். டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, தரங்கம்பாடியில் ஒரு மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். 1797-ம் வருஷத்தில் லண்டன் லின்னேயஸ் சங்கத்தார் அதை அச்சிட்டபோது ஐரோப்பா மூக்கில் விரலை வைத்தது. நம்முடைய செம்படவர்களோ அந்த மீனுக்குப் 'பனையேறி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனில் விவாதத்துக்குரிய செய்தி, இங்கே மீன் கூடையில் கிடக்கும் சாதாரணப் பெயர்!

கீல் நகரத்துப் பேராசிரியர்

பூச்சிகள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது பாப்ரிஷியஸ் என்ற பேராசிரியரின் மேஜை. 1745-ல் பிறந்து 1808-ல் மறைந்த இவரும் லின்னேயஸின் மாணவர். அப்போது டேனிஷ் அரசரின் ஆளுகையில் இருந்த கீல் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். பூச்சிகளை அவற்றின் வாயுறுப்புகளைக் கொண்டு வகைப்படுத்தலாம் என்று காட்டியவர் இவரே. தம் வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 பூச்சியினங்களுக்கு இவர் பெயர் சூட்டினார். பாரத தேசத்தின் மண்ணை இவர் மிதித்ததே இல்லை. ஆயினும் கோனிக்கும் டால்டார்ஃபும் அனுப்பிய பூச்சிகளின் வாயிலாக, நம் நாட்டுச் சிற்றுயிர்கள் பல இவருடைய எழுத்தில் நாமகரணம் பெற்றன.

1798-ம் வருஷத்தில் இவர் பெயரிட்டவற்றில் இரண்டு நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, மாலை வேளையில் மைதானங்களில் நூற்றுக்கணக்கில் மிதந்து திரியும் பொன்னிறத் தும்பி. மற்றொன்று, தேசம் முழுவதும் அஞ்சும் செந்தேள். அந்தத் தேளுக்கு அவர் வைத்த பெயர் 'டாமுலஸ்', அதாவது 'தமிழ்' என்பதாகும். தமிழின் பெயரைத் தாங்கிக் கொண்டு உலக சாஸ்திரத்தில் உலவும் ஜீவன் ஒரு தேள் என்பதில் சிலருக்கு மனக்குறை இருக்கலாம். அந்தத் தேளால் விளைந்த நன்மையைப் பின்னால் சொல்கிறேன்.

தரங்கம்பாடிப் பாதிரிமாரில் ஜான் என்பவர் கடற்கரைச் சிப்பிகளையும் சங்குகளையும் சேர்த்து அனுப்பினார். கோப்பன்ஹேகனில் இருந்த கெம்னிட்ஸ் என்ற பாதிரியார் அத்தகைய சிப்பிகளை வர்ணப் படங்களோடு பெரிய நூல்களாக வெளியிட்டார். பாப்ரிஷியஸ் பார்த்து எழுதிய பூச்சிகளும் பெரும்பாலும் கோப்பன்ஹேகன் பொருட்காட்சிசாலையிலேதான் இருக்கின்றன. நம் ஊர் வண்டு ஒன்றின் பெயரில் சந்தேகம் வந்தால், தீர்ப்புச் சொல்ல வேண்டிய மூலப் பிரதி அந்தக் குளிர் தேசத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

அந்தப் பூச்சிகளைப் பிடித்த விரல்கள் யாருடையவை? வெள்ளைக்காரத் துரை தனியாக முட்புதருக்குள் நுழைந்திருப்பாரா? வழிகாட்டிய வேட்டைக்காரன், கல்லைப் புரட்டிக் கொடுத்த தோட்டக்காரன், மணலில் குழி பறித்துச் சிப்பி எடுத்துத் தந்த பரதவர் வீட்டுப் பையன் இவர்களெல்லாம் இல்லாமல் காரியம் நடந்திருக்க முடியாது. ஆனால் பாப்ரிஷியஸின் நூலில் ஊர் பேருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களே உண்டு. 'கிழக்கிந்தியாவில் வாழ்கிறது' என்பதோடு சரி. எந்த மாதத்தில், எந்தச் செடியில், யார் கண்டார் என்ற குறிப்பு இல்லை. அந்நியரை இதற்காகக் குறை கூறிப் பயன் இல்லை. அவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள், அதற்கு நாம் நன்றி பாராட்டவும் வேண்டும். விட்டுப் போன குறிப்பை எழுதுவது நம்முடைய கடமை.

நம்முடைய பழைய கணக்கு

சிற்றுயிர்களை உற்றுப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். நத்தையும் சிப்பியும் இரண்டு அறிவு உடையவை. கறையானும் எறும்பும் மூன்று அறிவு உடையவை. நண்டும் தும்பியும் நான்கு அறிவு உடையவை. முதுகெலும்பு இல்லாத பிராணிகளை இப்படிப் படிவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், அவற்றை அருகில் குனிந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் மழை பெய்ததும் ஈர மண்ணில் சிவப்புப் பட்டுத் துணுக்குகளைப் போல் ஊர்ந்து வரும் ஜீவனை எல்லாரும் அறிவார்கள். சங்கப் புலவர்கள் அதை மூதாய் என்றார்கள். இந்திரகோபம் என்றும், தம்பலப்பூச்சி என்றும், பட்டுப்பூச்சி என்றும் வேறு பெயர்கள் உண்டு. எட்டுக் கால் கொண்ட அது, சிலந்திக்கு உறவான உண்ணி இனத்தைச் சேர்ந்தது. இத்தனை அழகான பெயர்களை வைத்தவர்கள் நம் முன்னோர்கள்.

"எங்கள் சிறு பிராயத்தில் முதல் மழைக்கு மறுநாள் தரையே சிவந்து கிடக்கும். இப்போது தேடினாலும் அகப்படுவதில்லை" என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். எந்த வருஷத்திலிருந்து குறைந்தது, எந்த வயலில் முதலில் மறைந்தது, எந்த மருந்து தெளித்த பிறகு என்று கேட்டால் விடை சொல்ல ஏடு இல்லை. ஓர் உயிர் இருந்ததற்கு எழுத்து இல்லாவிட்டால், அது போனதற்கும் சாட்சி இல்லை. இதுதான் இன்றைய அபாயம்.

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற ஊரில் 1905-ம் வருஷத்தில் தொடங்கிய பூச்சி ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று உண்டு. வேறு தொழில் செய்து பிழைக்கும் ஆர்வலர்கள் பலர் அதில் சேர்ந்து உழைக்கிறார்கள். 1989 முதல் 2016 வரையில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற வலைகளைக் கட்டி, அவற்றில் விழுந்த பூச்சிகளை நிறுத்து எழுதி வந்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-ம் வருஷத்தில் தெரியவந்தபோது உலகமே திடுக்கிட்டது. அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் அங்கேயும் பெரியவர்களின் பெருமூச்சு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

தேளும் தும்பியும் சொல்லும் பாடம்

பூச்சியைப் பார்த்து எழுதுவதால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட அந்தச் செந்தேளே பதில் சொல்லட்டும். கொங்கணக் கரையில் மஹாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற டாக்டர் பணி புரிந்தார். செந்தேள் கொட்டிய குழந்தைகள் பலர் அவர் கண்ணெதிரே மாண்டார்கள். ஒவ்வொரு நோயாளியின் நாடி, வியர்வை, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் படுக்கை அருகிலேயே உட்கார்ந்து அவர் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து, விஷம் இதயத்தைத் தாக்கும் விதம் புலப்பட்டது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மருந்தை 1980-களில் அவர் கையாளத் தொடங்கிய பிறகு, சாவுகள் மிகச் சொற்பமாகக் குறைந்தன. எந்தத் தேள், எப்படிப்பட்ட விஷம் என்று நிச்சயமாகத் தெரிந்ததனால் அல்லவா உலகத்து வைத்தியர்கள் அவர் எழுதியதைப் புரிந்து கொண்டு பின்பற்ற முடிந்தது?

தும்பியின் கதை இன்னும் விசித்திரமானது. பாப்ரிஷியஸ் 1798-ல் பெயரிட்ட அதே பொன்னிறத் தும்பி, வருஷந்தோறும் அக்டோபர் மாதத்தில் மாலத் தீவுகளில் லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறது. முட்டையிடுவதற்கு அங்கே குளமோ குட்டையோ கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அத்தீவில் வசித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல்வாழ் உயிர் ஆராய்ச்சியாளர், தும்பிகள் முதலில் தோன்றும் தேதியை 1996 முதல் வருஷந்தோறும் குறித்து வந்தார். இந்தியாவிலிருந்து புறப்பட்டுக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரையில் அவை போகின்றன என்றும், பல தலைமுறைகள் சேர்ந்து போய்த் திரும்புகின்றன என்றும் 2009-ம் வருஷத்தில் அவர் எழுதினார். பெரிய யந்திரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையுமே மூலதனம். தரங்கம்பாடிக் கரையில் அந்தத் தும்பிகளைப் பார்த்துவிட்டு 'மழை வரும்' என்று மட்டும் சொல்லி நகர்ந்து விடுகிறோம் நாம்!

நம்மவர் தொடங்கிய பணி

நம் தேசத்தாரும் சும்மா இருந்துவிடவில்லை. கோயம்புத்தூர் விவசாயக் கலாசாலையில் பூச்சி சாஸ்திரம் கற்பித்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர், தென்னிந்தியப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1940-ம் வருஷத்தில் வெளியிட்ட கைநூல், பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது. அதே கோயம்புத்தூரில் 2018-ம் வருஷத்தில் விவசாயப் பல்கலைக்கழகத்தார் பூச்சிகளுக்கென்றே தனிப் பொருட்காட்சிசாலை திறந்தார்கள். 1916-ல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம், தேசத்தின் பிராணிகளையெல்லாம் தொகுத்து 2024-ம் வருஷத்தில் வெளியிட்ட பட்டியலில் 1,04,561 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பகுதி பூச்சிகளே. தமிழ்நாட்டு அரசாங்கமும் 2019-ல் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் பறக்கும் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது.

இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பட்டியல் தலைநகரத்தில் இருந்தால் போதாது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்தக் கணக்கு வேண்டும். தரங்கம்பாடியில் கண்டது திருக்கடையூரில் இல்லாமல் இருக்கலாம். ஆடியில் கண்டது ஐப்பசியில் இல்லாமல் இருக்கலாம். அதை அறியக் கூடியவர்கள் அவ்வூரில் குடியிருப்பவர்கள்தாம்.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்குப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. தேதி, வேளை, இடம், எந்தச் செடியின் மேல், என்ன செய்து கொண்டிருந்தது, மழையா வெயிலா என்ற இந்த ஆறு விஷயங்களையும் எழுதிவிட்டால் அது சாஸ்திரக் குறிப்பு ஆகிவிடுகிறது. கோனிக் காலத்தில் பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தினால் ஒழிய மற்றவர்களுக்குக் காட்ட வழி இல்லை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு கைபேசி இருக்கிறது. படம் எடுத்து வைத்துக் கொண்டு பூச்சியை அதன் வழியே போக விட்டுவிடலாம்.

படத்தோடு ஊரார் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுவது அவசியம். திண்ணையோரத்துப் புழுதியில் சறுக்குக் குழி வெட்டிக் கொண்டு எறும்புக்காகக் காத்திருக்கும் ஜீவனுக்குக் குழியானை என்று பெயர் வைத்த நயத்தை எந்த லத்தீன் அகராதியில் காண முடியும்? நாற்று நடும் பெண்களுக்கும், வலை இழுக்கும் பரதவர்களுக்கும், ஆடு மேய்க்கும் சிறுவர்களுக்கும் தெரிந்த பெயர்கள் இப்படி எத்தனையோ உண்டு. பூச்சிக்கு முன்பாகவே பூச்சியின் பெயர் அழிந்துவிடக் கூடும்.

எழுதுவதற்கு அடுத்தபடி காப்பது. எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம். எருக்கின் இலையைத் தின்று வளரும் புழுதான் செம்பழுப்புச் சிறகு கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி ஆகிறது. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் புழுதான் கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட மற்றொரு வண்ணத்துப்பூச்சி ஆகிறது. செடி போனால் பூச்சியும் போயிற்று. கொல்லையில் ஒரு மூலையைத் துப்புரவு செய்யாமல் விட்டு வையுங்கள். ஒரு பூச்சியைக் கண்ட மாத்திரத்தில் விஷ மருந்தைத் தெளிக்காமல், அது பயிரைத் தின்பதா, பயிரைத் தின்பதைத் தின்பதா என்று முதலில் பாருங்கள். தேவையில்லாத விளக்கை இரவில் அணைத்து வைத்தால் மின்மினிகளுக்கு உபகாரம். பார்ப்பதற்காகப் புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வந்தால், அதன் அடியில் குடியிருப்பவர்களுக்கு உபகாரம்.

தரங்கம்பாடிக் கோட்டைக்குள் தொல்பொருள் துறையின் காட்சிசாலை இருக்கிறது. டேனிஷ் காலத்துப் பொருள்களையும் பத்திரங்களையும் அங்கே பார்க்கலாம். அவற்றின் பக்கத்தில் ஓர் அலமாரி அமைத்து, இவ்வூர்ப் பிள்ளைகள் எடுத்த படங்களையும், அவர்கள் கையால் எழுதிய குறிப்புகளையும், தமிழ்ப் பெயர்களையும் வைக்கலாம். அதற்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். கோனிக் வந்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அத்தனை வருஷம் கழித்து வருகிறவர்கள், நம் காலத்தில் இக்கரையில் என்னென்ன சிற்றுயிர்கள் இருந்தன என்று கேட்டால், விடை கோப்பன்ஹேகனில் அல்ல, தரங்கம்பாடியிலேயே கிடைக்க வேண்டும். வருகிற மழைக்காலத்தில் முதல் ஈசல் பறக்கும் தினத்தைக் குறித்து வைத்து, அந்த ஏட்டைத் தொடங்கலாம்.